மாப்பிள்ளையும் மீட்பு டிஸ்க்கும்

மார்ச் 3
புது லேப்டாப் வந்துவிட்டது. மகள் வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூரில். முகம் பார்த்துப் பேசலாமே என்று வாங்கி அனுப்பியிருக்கிறாள். வீட்டில் நானும் மாப்பிள்ளையும் மட்டும். அவர் பல் டாக்டர். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவர், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறப்பதில்லை. கல்யாணமாகி மூன்று வருடம். எங்கள் பேச்சு "சாப்பிட்டீங்களா", "ஆச்சு அத்தை" என்பதைத் தாண்டவில்லை. மரியாதையாம்.

மார்ச் 4
லேப்டாப்போடு வந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். டிரைவிங் ஸ்கூலில் காலமெல்லாம் கற்றுக்கொடுத்தவள் நான். சாவியைத் தொடும் முன் எல்லாவற்றையும் சரிபார்ப்பது ஊறிப்போன பழக்கம். லேப்டாப் என்றாவது படுத்துவிட்டால் எழுப்புவதற்கு மீட்பு டிஸ்க்குகளை நாமே தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அதெல்லாம் தேவைப்படாது அத்தை" என்றார். மூன்று சொல்! இன்றைய சாதனை.

மார்ச் 7
ஆனாலும் ஐந்து வெற்று டிஸ்க் வாங்கி வந்துவிட்டார். மறுக்கத் தெரியாத மனிதர். உள்ளே வைத்ததும் கர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல இருவரும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது டிஸ்க் நின்றுவிட்டது என்று நினைத்துப் பாதியில் பட்டனை அமுக்கிவிட்டார். தட்டு நாக்கை நீட்டியது. டிஸ்க் பாழ். நல்லவேளை, ஒன்று கூடுதலாக வாங்கச் சொல்லியிருந்தேன்.

நான்கிலும் எண் எழுதி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். இனி என்ன பயம்?

மார்ச் 15
புத்தகம் எழுத ஆரம்பித்துவிட்டேன். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு. லேப்டாப்பில் ஒற்றை விரலால்.

ஏப்ரல் 2
முப்பது பக்கம் ஆகிவிட்டது. எழுதினதைப் பத்திரமா வெச்சிருக்கியாம்மா என்று மகள் கேட்டாள். அதான் டிஸ்க் இருக்கே என்றேன், கெத்தாக.

ஏப்ரல் 9
லேப்டாப் படுத்துவிட்டது. மாப்பிள்ளை ஏதோ இலவச சதுரங்க ஆட்டத்தை இறக்கினாராம். கூடவே வைரஸும் இறங்கியிருக்கிறது. திரை முழுக்கக் கறுப்பு. பேயறைந்தவர் போல நின்றார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. பீரோவைத் திறக்கப் போன என் நடையை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

முதல் டிஸ்க்கைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது: 'உள்ளே உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?'

அனைத்தும்னா? என் புத்தகமுமா? அப்போ இந்த நாலு டிஸ்க்குல என்னதான் இருக்கு?

மாப்பிள்ளை ரிப்பேர் கடைக்குப் போன் போட்டார். வாங்கிய அன்று இருந்ததுதான் டிஸ்க்கில் இருக்குமாம். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அதில் வராதாம். விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன் — அதிலும் தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் கண்ணயர்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 11
கடைக்காரரும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "டிஸ்க்கப் போடுங்கம்மா, வேற வழியில்ல."

மாப்பிள்ளையின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. எத்தனை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய விரல், இதற்குத் தயங்குகிறது. நானே அமுக்கினேன். ஒவ்வொரு டிஸ்க்காகக் கேட்டு வாங்கி விழுங்கியது. கடைசியில் 'நல்வரவு' என்றது, என்னை முன்பின் பார்த்தே இராதது போல.

அழுதேன். கொஞ்சம்தான். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். போகவில்லை. நின்றார்.

"நீங்க சொல்லுங்க அத்தை. நான் டைப் பண்றேன்."

ஏப்ரல் 14
நான் சொல்லச் சொல்ல மளமளவென்று அடிக்கிறார். கிளட்ச் அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"அத்தை, இது எனக்குப் புரியல."

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. விளக்கினேன். இதுவும் புரியவில்லை என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு — யோசித்துப் பார்த்தால், அவர்களுக்குக் காலால் மிதித்துக் காட்டினேனே தவிர, வாயால் சொல்லிப் புரியவைத்ததில்லை. திரும்பத் திரும்ப மாற்றி எழுதினோம். பழையதைவிட இது மேல். அழிந்தது நல்லதற்கு என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லிவிடக் கூடாது.

அத்தியாயம் முடிய முடிய, அதைப் புது வெற்று டிஸ்க்கில் பதித்துவிடுகிறார். நான் கேட்காமலே.

ஏப்ரல் 19
கற்றுக்கொள்பவருக்கான லைசன்ஸ் வாங்கிவிட்டார். எழுதியதை என் காரில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறாராம். வாசலைத் தாண்டும் முன்பே வண்டி திக்கித் திக்கி நின்றது. கிளட்சை மெதுவாக விடச் சொன்னேன். 'மெதுவா'ன்னு நீங்க எழுதவே இல்லையே என்கிறார். வீட்டுக்குள் வந்து அந்தச் சொல்லைப் புத்தகத்தில் சேர்த்தோம்.

மே 5
மகளை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்தோம். மாப்பிள்ளைதான் ஓட்டினார், பக்கத்தில் நான். கியரை எப்போது மாற்றுவது என்று வழியெல்லாம் வாக்குவாதம். பின்சீட்டில் மகள் அவர் தலையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பலேருந்து இப்படி?"

பதில் சொல்ல யாருக்கு நேரம்? எதிரே லாரி.

"அத்தை, கொஞ்ச நேரம் பேசாம வாங்க" என்றார் மாப்பிள்ளை.

பேசாமல் வந்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் சிரிப்பதைப் பார்த்தால் மனிதர் ரோட்டை விட்டுவிடுவார்.