மலை கூப்பிட்ட பெயர்

சுவிட்சர்லாந்து, 13-5-1964

அன்புள்ள அம்மாவுக்கு மகள் மரியபுஷ்பம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிறு பூசை முடிந்ததும், என்னோடு வேலை செய்யும் நர்ஸ் ரோசா மலைக்குக் கூட்டிப்போய், யோடல் என்று இங்கே மலைக்காரர்கள் கூவும் பாட்டைக் கற்றுத்தந்தாள். அடித்தொண்டையில் தொடங்கிச் சட்டென்று கீச்சுக்குரலுக்குத் தாவிக் கூவ வேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது. "உங்கள் ஊரில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போலக் கூவு" என்றாள். காவிரிக்கரையில் நின்று நீங்கள் கூப்பிடுவதுபோல, "ஏ புஷ்பம்... ஊட்டுக்கு வா சாமீ..." என்று கத்தினேன். குரல் தானாக உடைந்து தாவியது.

மறுநொடி எதிர்மலையிலிருந்து உங்கள் குரல் வந்தது அம்மா! அச்சு அசல் உங்கள் குரல். "இதா வாரேம்மா!" என்று பதிலும் சொல்லிவிட்டேன்.

பயப்படாதீர்கள், இப்போது ஒன்றுமில்லை. வரமிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. இங்கே எல்லோருக்கும் நான் வெறும் மரியாதான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போகிறேன்.

உங்கள்
புஷ்பம்