முப்பத்தோராவது சீட்டு

நவ. 3, திங்கள்

மழை இல்லை. பனிமூட்டம் மட்டும். பூனாகலை பஸ் தாமதம். எட்டாம் வகுப்புச் சுவர் வெடிப்பின் முனையில் பென்சில் கோடு போட்டேன், பக்கத்தில் தேதி. போன கிழமைக் கோட்டிலிருந்து இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.

வரவு இடாப்பு இன்று முதல் என் பொறுப்பு. 31 பெயர். வாசித்துக்கொண்டே போனேன். "ஷாமினி."

"வந்திருக்கேன் சேர்."

நிமிர்ந்தேன். எண்ணினேன். முப்பது தலை. யாருடைய உதடும் அசைந்ததாகத் தெரியவில்லை.

அதிபரிடம் கேட்டேன். போன வருட மண்சரிவில் தோட்டத்து லய வீடுகளோடு போன பிள்ளையாம். உடல் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழ் இல்லை. ஆகவே பெயர் வெட்ட முடியாது.

நவ. 4, செவ்வாய்

சவர்க்காரம், மெழுகுதிரி வாங்க வேண்டும்.

நேற்றுக் குரல் கொடுத்தது யார் என்று யோகராணியைக் கேட்டேன். ஷாமினியின் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"காலையில கொழுந்து வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்புடுவாங்கல்ல சேர், எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியலனா பக்கத்து வீட்டு அக்கா கொரல் குடுப்பாங்க. பேர் விட்டுப் போயிரக் கூடாதுல்ல."

"அப்ப நீயா குடுத்த?"

"நான் இல்ல சேர்."

பின்வாங்கிலிருந்து டிலக்சன்: "நீங்க கூப்புட்டீங்க, அவ சொன்னா. இதுல என்னா சேர்?" சிரிப்பு. யோகராணி சிரிக்கவில்லை.

நவ. 5, புதன்

மாணவர் பாராளுமன்றத் தேர்தல். பிஸ்கட் டின், மை, இடாப்புப்படி 31 சீட்டு. வேட்பாளர் இருவர்.

யோகராணி: மழை பிடிக்கும் முன் வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றக் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்குத் தீர்மானம்.
டிலக்சன்: கிரிக்கெட் மட்டை. "மண்டபத்துல பந்து அடிக்க முடியாதுடா, யோசிச்சுப் போடுங்க!"

வரிசையில் யோகராணிக்குப் பின்னால் ஓர் ஆள் இடைவெளி. சொல்லியும் நெருங்கவில்லை.

முப்பது சுண்டுவிரல். மை வைத்தவன் நான். டின்னில் 31 சீட்டு. மேசையில் மிச்சம் எதுவும் இல்லை.

யோகராணி 16. டிலக்சன் 15.

நவ. 6, வியாழன்

அதிபர்: "இல்லாத பிள்ள எப்பிடி தம்பி வோட்டுப் போடும்? வந்தவங்க கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒன்னா வரணும். இல்லாட்டி கேன்சல். அடுத்த தவணைதான்."

அடுத்த தவணை. மழைக்குப் பிறகு.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு: ஆசியச் சமூகங்களில் கல்வியும் பண்பாடும் மக்களாட்சியும். நூற்றுப் பத்துப் பக்கம். பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கள்ள வோட்டு. அப்படியும் சொல்லலாம். அப்பாவின் அப்பா குடியுரிமை இல்லாமலே செத்தபோது எந்த வாக்காளர் இடாப்பிலும் அவர் பெயர் இல்லை. ஐம்பது வருடம் பெரட்டில் மட்டும் இருந்த பெயர்.

தூக்கம் சரியில்லை.

நவ. 7, வெள்ளி

மழை பிடித்துவிட்டது. வெடிப்பு தரையைத் தொட்டுவிட்டது. இனிக் கோடு போட இடமில்லை.

முதலாம் பாடம். அதிபர் வாசலில், வந்தவர் எண்ணிக்கை மட்டும் நிரப்பாத தேர்தல் படிவத்தோடு. "புதன்கெழம ஷாமினிக்கு நேரா ஒன்னும் போடலையே தம்பி. வந்தாளா, வரலையா? அந்த நாள் இடாப்ப என் முன்னுக்கே கூப்புடுங்க."

கூப்பிட்டேன். முப்பது குரல் வந்தது.

"ஷாமினி."

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன். தகரத்தில் மழை. பிள்ளைகள் அவளுடைய இடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்திருக்கேன் சேர்."

இந்தத் தடவை அசைந்தது என் உதடு.

அதிபர் பேனா மூடியைத் திறந்தார்.