பிரேக்குக்கும் காப்பிக்கும் நடுவில்

அன்பு வாப்பாவுக்கு, ஸுவைனாவின் ஸலாம். உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். மலைக்காற்றுதான் கொஞ்சம் குளிர்கிறது.

வண்டி பிரேக் கீச்சிட்டது. டிஸ்க்கையும் பேடையும் வாசலிலேயே நானே மாற்றினேன், முதல் தடவையாக. மாட்டியதும் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். அதற்காக உள்ளே உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு ஷம்ஸா அக்கா காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூன்று கிண்ணம் குடித்து, போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டிவிட்டு, மிதிப்பதை மறந்து வண்டியை எடுத்தேன்.

இறக்கத்தில் பெடல் தரைவரை போனது. எதுவும் பிடிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன். பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

ஷம்ஸா அக்கா ஓடிவந்து, "ஏண்டி, என் காப்பி அவ்வளவு மோசமாவா இருந்துச்சு, இப்படி ஓடுறே?" என்றார். சிரித்தேன். பெடல் இறுகும்வரை அங்கேயே மிதித்து முடித்தேன்.

இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் நான்கு நாளாகச் சாவியைத் தொடவில்லை.

பள்ளி மணி அடிக்கிறது, பாடம் எடுக்கப் போக வேண்டும். சமையலுக்குப் போடும் காய்ந்த எலுமிச்சை தீர்ந்துவிட்டது. யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள் வாப்பா, நீங்களே கொண்டு வாருங்கள். நீங்கள் ஊர் திரும்பும்போது நான் ஓட்டுகிறேன். இறக்கம் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் ஸுவைனா