ஜோலீனுக்குக் கிடைக்காத லீவு

அன்புள்ள கர்ட்டுக்கு,

உன் தங்கையின் வேலை போய்விட்டது; பறித்தது நான், எட்ட நின்று பார்த்தது நீ. இதை முதலில் எழுதாவிட்டால் நலம் விசாரித்தே தாளை நிரப்பிவிடுவேன். நீயும் மேகனும் குழந்தை ஓவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரிசோனாவில் இப்போதே ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறீர்களாம், மேகன் சொன்னாள். இங்கே விஸ்கான்சினில் வாசலில் இன்னும் முழங்கால் அளவு பனி. போனில் சொல்லியிருக்கலாம், நீ மீட்டிங்ல இருக்கேம்மா என்பாய், நானும் சரிப்பா என்று வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஜனவரியில் நான் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனதும் ஜோலீன் சீஸ் ஆலையில் லீவு கேட்டாள். சம்பளமில்லாத லீவுதான், ஆனால் அவள் திரும்பி வரும்வரை வேலை அவளுடையது, சட்டம் அப்படி. அதைக் கேட்கவே அவளுக்குக் கூச்சம். சூப்பர்வைசர் டுவேன் எல்லார் முன்னாலும், ஏன், உங்கம்மாவுக்கு வேற பிள்ளையே இல்லையா என்றானாம். இருக்கான், கூடை நிறையப் பேரிக்காய் அனுப்பிவச்சான், அதுங்களுக்கு அம்மாவைக் குளிப்பாட்டத் தெரியலன்னு இவள் சொல்ல, கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். வீட்டில் என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியும், உயிர் போகிற வலியிலும் பரவாயில்லை, மோசமில்லை என்போம். நான் சர்ச்சுக்குப் போடும் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு போனேன். வண்டி உறைந்துவிடும், சூடாக்கி வைக்கிறேன் என்று ஜோலீன் வெளியே போன நேரத்தில்தான் அந்தச் சின்ன வயசு டாக்டர், குளியல், சமையல் எல்லாம் எப்படிப் போகுது ஆர்டிஸ் என்று கேட்டார். எல்லாம் நானே பாத்துக்கிறேன் டாக்டர், யாருக்கும் தொந்தரவில்லை என்றேன். வாக்கரைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகூடக் காட்டினேன் கர்ட். அன்று காலையில் ஜோலீன் தரையில் மண்டியிட்டு என் காலுறையை மாட்டிவிட்டிருந்தாள். டாக்டர் என்ன செய்வார், நான் சொன்னதை எழுதினார், கிளினிக்கிலிருந்து அது நேரே ஆலைக்குப் போய்விட்டது.

லீவு இல்லை என்றார்கள். அதுவரை என்னோடு இருந்த நாளெல்லாம் சொல்லாமல் வராத கணக்கில் சேர்ந்தது. அங்கே வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி போடுவார்கள், புள்ளி நிறைந்தால் ஆள் வெளியே. ஈரத் தரையில் பதினொரு வருஷம் நின்றவளை டுவேன் வாசலிலேயே நிறுத்தி, அவள் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். சீஸ் முதிர வருஷக்கணக்கில் காத்திருக்கிற முதலாளிகளுக்கு என் எலும்பு சேரும்வரை பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வெர்னாவோடு மறுபடி டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன், அவர் புதிதாக எழுதியும் கொடுத்தார். முடிஞ்சது முடிஞ்சதுதான் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் துறைக்கு ஜோலீன் புகார் அனுப்பியிருக்கிறாள், அது நடக்கிறபோது நடக்கட்டும். என்னை அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த டாக்டர்கிட்ட நல்ல பேர் வாங்கி என்னம்மா பண்ணப் போறே என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு தலையணையில் முகம் புதைத்துக்கொள்ளக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்தவர் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிற வேலை. புது இடத்தில் ஒரு வருஷம் முடியாமல் அந்த லீவைக் கேட்கவே முடியாது. என் இடுப்பெலும்பில் வைத்த திருகாணி நகர்ந்துவிட்டதாம், ஏப்ரலில் மறுபடி அறுக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் வாங்கிக்கிறேன், பகல்ல உன்னைப் பாத்துக்கிறேன் என்கிறாள். எப்போது தூங்குவாய் என்றால் என் மாத்திரைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறாள். இந்த வேலையையும் நான் பறிக்க மாட்டேன்.

நீ அந்தப் பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறாய். ஓவன் பிறந்தபோது சம்பளத்தோடு மூன்று மாதம் வீட்டில் இருந்தாய், சர்ச்சில் காபி குடித்தவர்களிடம் ஒருவர் விடாமல் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கேட்கத் தெரியாதவன் இல்லை நீ. மகள்தான் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, உங்கள் இரண்டு பேரின் தலையிலும் அதை ஏற்றியது நானாகத்தான் இருக்கும். கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியாது என்பதைக்கூட இந்த முறை டாக்டரிடம் நானே சொல்லிவிடுவேன்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், ஓவனுக்கு என் முத்தம். வருவதானால் கனமான கோட்டு எடுத்துக்கொள், ஏப்ரலிலும் இங்கே பனி கொட்டும். ஜோலீனுக்குப் போன் செய்து, எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. உன் மேலாளரிடம் எந்தக் கிழமை லீவு கேட்கப் போகிறாய், அதை மட்டும் எனக்கு எழுது.

உன் அம்மா,
ஆர்டிஸ்