புள்ளியில்லாத ஞாயிறு

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் சுகம் என்று உங்கள் துருவப் பனி நிலையத்து ஆபீஸில் சொல்கிறார்கள், அதை உன் வாயால் கேட்டு ஐந்து வாரம் ஆகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடை எப்போதும்போல் ஓடுகிறது. வருகிறவர்களை எழுத்து அட்டையை இரண்டு தரம் படிக்கச் சொல்கிறேன், சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாது என்றுதான், வேறொன்றுமில்லை. போன வருஷம் ஒரு ஞாயிறு உன் ரேடியோ போன் வராமல், சூரியனில் வெடிப்பு, அதனால் லைன் கிடைக்கவில்லை என்று அடுத்த வாரம் சொன்னாயே, அன்றைக்குப் பிடித்தது இந்தச் சூரியப் பைத்தியம். பழைய பைனாகுலரை ஜன்னலில் கட்டி, வெயிலை வெள்ளை அட்டையில் விழ வைத்துப் பார்ப்பேன். தட்டளவு வட்டம், அதில் மிளகு சிந்தினாற்போல் புள்ளிகள். புள்ளி தெரிந்தால் போன் வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிறு நடுவில் பெரிதாக ஒன்று தெரியவே, இன்றைக்கு எங்கே வரப்போகிறது என்று முடிவெட்டப் போய்விட்டேன். அம்மாவும் வெளியே போயிருக்க, வீட்டில் போன் அடித்து அடித்து ஓய்ந்ததாம்.

மாடி வீட்டு சயின்ஸ் வாத்தியார்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். புள்ளி வேறு, வெடிப்பு வேறாம். சூரியனின் காந்த சக்தி ஓரிடத்தில் கட்டிக்கொண்டால் அங்கே புள்ளி. பெரிய புள்ளியானாலும் சாதுவாக வந்து சாதுவாகப் போய்விடலாம். பல புள்ளிகள் நெருங்கி, சக்தி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட இடத்தில்தான் பெரும்பாலும் வெடிக்கும், எட்டு நிமிஷத்தில் இங்கே வந்து ரேடியோவின் காதை அடைக்கும். கேட்டதும் சிரிப்பு வந்தது. உன் அம்மா அந்தச் சாதுப் புள்ளி, உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு வெடிக்கிறவன் நான்.

அம்மா காரியம் முடிந்து நீ கூப்பிட்டாயே, அன்றைக்கும் வெடித்தேன். அம்மாவை வழியனுப்பக்கூட வராதவள் என்று உன்னைச் சொல்லிவிட்டேன். அந்தக் குளிரில் அங்கிருந்து விமானம் கிளம்பாது என்று தெரிந்தேதான் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். அடுத்த இரண்டு ஞாயிறும் அட்டையில் ஒரே புள்ளிக் கூட்டம், வெடித்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு மேகம், அதன் மேல் பழியைப் போட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் அட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. லென்ஸில்தான் கோளாறோ என்று இரண்டு முறை துடைத்தேன். ஒரு பொட்டுகூட இல்லை. ஆபீஸில் கேட்டால் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் வந்ததாம். கடையைத் திறக்கப் பிடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன்மேல் தப்பே இல்லையம்மா. அம்மாவை நான் மட்டும் தனியாக அனுப்பிய ஆத்திரம், கோபித்துக்கொள்ள எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். என்னை மன்னித்துவிடு.

குளிர் விட்டதும் அங்கே வரும் முதல் சாமான் விமானத்துக்குப் புது மூக்குக்கண்ணாடி அனுப்பியிருக்கிறேன், பழையதை ஒட்டிப் போட்டுக்கொண்டு திரியாதே. உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும், அதுவே போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மனம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வராவிட்டால், சூரியனில் வெடிப்பு என்று யாரிடமாவது சொல்லியனுப்பு. பைனாகுலரை வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டேன், நீ சொன்னால் அப்படியே நம்பிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா