சின்ன எழுத்தில் ஒரு ஆன்ட்

மார்ச் 4

அன்புக் குட்டிக்கு,

சித்தி எழுதுவது. நலம்தான், படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடி இங்கிலீஷிலேயே அடித்துவிட்டாய். நல்ல கனமான அட்டை. உன் அப்பா இருந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்கும் எடுத்துப்போனேன். அங்கேதான் வினை. இந்த வாரம் உறவுமுறைப் பாடம். முன்னால் 'மை', 'ஹர்' என்று வந்தால் 'மதர்' சின்ன எழுத்தில் தொடங்க வேண்டுமாம். பெயர் மாதிரி தனியாகக் கூப்பிட்டால் பெரிய எழுத்தாம். யாருக்காவது சொந்தமானதும் அம்மா சிறுத்துப்போகிறாளே என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆனா அழைக்கிற இந்த ஆன்ட் யாரு?" என்றார். நான்தான் என்றேன். "நீங்க பொண்ணோட அப்பாவைக் கட்டிக்கிட்டவங்கன்னு சொன்னீங்களே?" வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இது கை தவறியதா? புத்தகங்களில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ. பதில் எழுது.

சித்தி

மார்ச் 15

அன்புள்ள சித்திக்கு,

கை தவறவில்லை. யோசித்துத்தான் போட்டேன். தமிழில் 'சித்தி' என்றால் முடிந்தது. அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரும் சித்திதான். நீங்கள் இரண்டுமே. இங்கிலீஷ் விடாது, ரெண்டில் எது என்று கேட்கும். 'ஆன்ட்' பொய்யில்லையே.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் வீட்டில் உங்களை அம்மாவின் தங்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அவருடைய அம்மா துருவித் துருவிக் கேட்பவர். உன் அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகாமல் இன்னொரு கல்யாணமா என்று கேட்டால் என்ன சொல்வேன்? "எல்லாம் உனக்காகத்தான்டி" என்று அத்தை சொன்னதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தேன். கேட்கும்போதெல்லாம் நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு நாள்தான். அனுசரித்துக்கொள்ளுங்கள்.

குட்டி

மார்ச் 27

குட்டிக்கு,

அத்தை சொன்னது தவறு. உனக்காக நான் உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அக்காவைப் பறிகொடுத்துவிட்டு நானும் அவரும் ஒரே வீட்டில் அழுதோம். அழுது ஓய்ந்தபோது அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். அதைத் தியாகம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, வெட்கப்பட்டதுமில்லை.

'மதர்' என்று போடச் சொல்லவில்லை. அது அக்காவின் இடம். 'ஸ்டெப்மதர்' என்று போடு, சின்ன எழுத்தே போதும். 'ஆன்ட்' என்றால் அவரோடு நான் வாழ்ந்த வாழ்க்கை நடக்கவேயில்லை என்றாகிவிடும். அப்படி வந்து நிற்க என்னால் முடியாது. இங்கே இருந்தே உன்னை வாழ்த்திக்கொள்கிறேன்.

சித்தி

ஏப்ரல் 9

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் மெல்ல, கழுத்தில் கிடந்த 'உனக்காக' கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் மறைச்சே?" என்றார்.

"பயந்துட்டேன்."

"இதுல பயப்பட என்ன இருக்கு? இனிமே நீ எது சொன்னாலும், இன்னும் என்ன பாக்கின்னுதானே எனக்குத் தோணும்."

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அவருடைய அம்மா என்னிடம் பேசும் தோரணை மாறிவிட்டது. அது என் பாடு.

பத்திரிகை மறுபடி அச்சுக்குப் போயிருக்கிறது, நீங்கள் கேட்ட சொல்லோடு. வருவீர்களா?

குட்டி

ஏப்ரல் 18

அன்புக் குட்டிக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு நிபந்தனை உண்டு. என்னை நேராக உன் மாமியார் முன்னால் கூட்டிக்கொண்டு போ. நான் வாயே திறக்கமாட்டேன். இவர் யார் என்று நீதான் சொல்ல வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல், ஆனால் சத்தமாகச் சொல்.

சித்தி