விசாரணையில் கேட்ட சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் டாக்குரியா பகுதியில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பயப்படாதீர்கள். டீச்சர் டிரெயினிங்கில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அனுப்பும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். கோஷம் போடுகிற கூட்டத்தில் இருந்தால் அனுப்ப மாட்டார்கள்.

எதிர்வீட்டு மாமி, இங்கே மாஷிமா என்பார்கள், வங்காள மொழியில், “நல்ல பொண்ணுதான், ஆனா ஜன்னல் அதிர்ற மாதிரி கத்துவா” என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

“என்ன கத்துவா?” என்றார் போலீஸ்காரர்.

“ரேடியோல ஃபுட்பால் கேட்டுட்டு, கோல் கோல்னு.”

அவர் என்னைப் பார்த்தார். “எந்த டீம்?”

“ஈஸ்ட் பெங்கால்.”

“நான் உங்க எதிர் டீம், மோகன் பகான். போனாப் போகுது, நல்ல பொண்ணுன்னே எழுதறேன்.”

இன்று கார்டன் ரீச் பள்ளிக்கூடத்தில் ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முதல் பாடம் நடத்தினேன். என் குரல் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது என்று நீங்கள் அடக்கிய அதே குரல்தான், அப்பா.

நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு காட்டன் சேலையும் அனுப்புங்கள். சாப்பிடும்போது ரேடியோவைத் தவிர துணையில்லை, அதனால் படித்துக்கொண்டே சாப்பிடப் பதிலை நீளமாகவே எழுதுங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
தமயந்தி டீச்சர்